மில்லில் காது பார்த்தார்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணம் ஆன சூட்டோடு, சங்ககிரிப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் எடப்பாடிக்குப் பக்கம். சேர்த்துவிட்டது என் சம்சாரத்தின் அண்ணன். எனக்கு மச்சான். அவர் அங்கே தறிக்கூடத்து மேஸ்திரி. என்னை ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தி, "நம்ம மாப்ளைங்க" என்றார். சர்ட்டிபிகேட்டு, சிபாரிசு எல்லாம் அந்த ஒரு வார்த்தைதான். நான் நாலாவது வரைதான் படித்தேன். வேறு சர்ட்டிபிகேட்டு இல்லை.

கூடத்துக்குள் முதல் தடவை கால் வைத்தபோது சத்தம் காதில் விழவில்லை. நெஞ்சில் விழுந்தது. ஒரே தகரக் கூரைக்கு அடியில் வரிசை வரிசையாகத் தறி. ஒவ்வொரு தறியிலும் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கம் அடிபட்டு அந்தப் பக்கம் போகும். அந்தப் பக்கம் அடிபட்டு இந்தப் பக்கம் வரும். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றேன். எதிர்த் தறிக்காரர் சிரித்தார். சிரிப்பது தெரிந்தது, கேட்கவில்லை. மச்சான் வந்து என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். காதைப் பொத்தினால் தறியை யார் பார்ப்பது.

அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலை முறுக்கினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையால் நெஞ்சைத் தட்டினால் மேஸ்திரியைக் கூப்பிடு. ஒற்றை விரலால் தொடையில் தட்டினால் தறியை ஓட்டு. கை போதாத இடத்தில் உதடு. உதட்டை வைத்தே ஊர்க்கதை பேசுவோம், கெட்ட வார்த்தையும் பேசுவோம். ஷிப்ட் விட்டு வெளியே வந்த பிறகும் கை நிற்காது. பஸ்ஸில் நாங்கள் பேசுவதைப் பார்த்து ஒரு கிழவர், பாவம் எல்லாருமே ஊமை என்று இடம் விட்டார். எதிர்த் தறிக்காரர் அந்த இடத்தில் நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

எல்லாக் கையும் ஒன்றல்ல. மேஸ்திரி கை வேறு. அவர் கை அசைந்தால் செய்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம். யோசித்துவிட்டுச் செய்தால் அதற்குள் பாவு நூல் அறுந்து, ஒரு முழம் துணி வீணாகிவிடும். அதனால் வேலை செய்யும்போது ஒரு கண் நாடாவில், ஒரு கண் மச்சான் கையில். பத்துப் பன்னிரண்டு வருசம் அப்படிப் பழகினால் அது உடம்பில் ஊறிவிடும்.

காது போனது ஒரே நாளில் இல்லை. முதலில், படுத்தால் காதுக்குள் சில்வண்டு கத்தியது. விடிந்தால் நின்றுவிடும். பிறகு விடிந்தாலும் நிற்கவில்லை. எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் விசில் கொடுப்பார், வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எண்ணெய் காய்ந்து கடுகு வெடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு வரவில்லை. மகனுக்குக் கட்டைக் குரல், அது கேட்டது. மகளுக்குக் கீச்சுக் குரல். அவள் பேசுவது பாதிக்கு மேல் எனக்கு வந்து சேரவில்லை. யாரும் சொல்லித்தராமலே அவள் என் முன்னால் வந்து நின்று, முழங்கையைத் தொட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எடப்பாடியில் ஒரு டாக்டரிடம் போனேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். என் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்.

"போனது போனதுதான். இப்பவே அந்தச் சத்தத்த விட்டு வெளிய வந்தீன்னா, இருக்கறதாவது நிக்கும். இல்லீன்னா அதுவும் போயிரும்."

மில்லை விட்டால் சோறு இல்லை. ஆனால் மில்லுக்குள்ளேயே சத்தம் இல்லாத இடம் ஒன்று இருந்தது. போல்டிங். நெய்த துணியை அளந்து, மடித்து, முத்திரை குத்தும் இடம். தறிக்கூடத்துக்கும் அதற்கும் நடுவில் குடோன். அங்கே வேலை செய்கிறவர்கள் வாயால் பேசிக்கொள்வார்கள், பாட்டுக்கூடப் பாடுவார்கள். அங்கே போய்விட்டால் மிச்சக் காது தப்பும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மச்சானிடம் சொன்னேன். பொறுங்க மாப்ள, நேரம் வரட்டும் என்றார். பொறுத்தேன்.

எண்பதுகளில் ஒரு நாள் அரசாங்கத்து அதிகாரி ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். கைக்குட்டையைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் வந்துபோன பிறகு, தறிக்கூடத்து ஆட்கள் எல்லாருக்கும் காது பார்க்கப் போவதாகப் பேச்சு வந்தது.

எப்படிப் பார்ப்பது என்று டீக்கடையில் ஒரே வாதம். மில் ஆஸ்பத்திரி டாக்டர் கைக்கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து டிக் டிக் கேட்கிறதா என்று கேட்பார், அது ஒரு வழி. சேலத்தில் இருந்து மிஷின் வரும், தலையில் மாட்டிவிட்டு உள்ளே சத்தம் விடுவார்கள், அது ஒரு வழி. இரண்டும் வேண்டாம் என்றால் அவரவர் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துச் சீட்டு வாங்கி வரலாம். ஒரு நாள் கூலி போகும். அங்கே கதவை அடைத்தால் ஈ பறக்கிற சத்தம்கூட வராத அறை இருக்கிறதாம். கடிகாரமே தேவலாம் என்றார் எதிர்த் தறிக்காரர். டாக்டர் அதற்குச் சாவி கொடுக்க மறந்துவிடுவார், அவருக்கே கேட்காது என்றார்.

நான் சேலம் போவது என்று இருந்தேன். உள்ளதைக் காட்டிச் சீட்டு வாங்கிவந்து போல்டிங் கேட்கலாம் என்று கணக்கு. மச்சானிடமும் அதைச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கச்சி கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சேலம் போகாதீங்க மாப்ள. காது போச்சுன்னு தெரிஞ்சா ஊட்டுக்குத்தான் அனுப்புவாங்க. மேஸ்திரிங்க எங்களக் கூப்புட்டு ஆபீசுல சொல்லிப்போட்டாங்க. நீங்களே போயி எனக்கு வேல வேண்டாம்னு எழுதி வாங்கியாந்த மாதிரி ஆயிரும்."

போல்டிங் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"போல்டிங்காவது ஒண்ணாவது. நம்ம மில்லுலயே பாத்துக்கங்க. நான் இருக்கறனில்ல."

சம்சாரம் கதவோரம் நின்று என்னைப் பார்த்தாள். அவள் அண்ணன். என்னை வேலையில் சேர்த்தவர். சரி என்றேன். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். ஒருவரும் சேலம் போகவில்லை.

மிஷின் வந்தது. மில் ஆஸ்பத்திரியில் ஒரு மேசைமேல் வைத்திருந்தார்கள். பெட்டி மாதிரி, முகப்பில் திருகும் குமிழ்கள், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கூட வந்தவர் இளவயசுக்காரர். நல்ல மனுசன்தான். நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார், நாங்கள் மிஷினைப் பார்த்துவிடக் கூடாதாம். சத்தம் கேட்டால் கை விரலைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, குனிந்து குமிழைத் திருகினார்.

வாசலில் மச்சான் நின்றார். ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புகிற வேலை அவருக்கு. அங்கே நின்றால் அவருக்கு அந்தச் சிவப்பு விளக்கு தெரியும். சத்தம் விடும்போதெல்லாம் அது எரிந்தது. எரிந்த உடனே மச்சான் விரல் தொடையில் ஒரு தட்டுத் தட்டியது. தறியை ஓட்டு.

அதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. மேஸ்திரி விரல் தட்டினால் எங்கள் கை தானாக எழும். நான் அந்த நாற்காலியில் காதைக் கொடுக்கவே இல்லை, கண்ணைத்தான் கொடுத்தேன். இடது பக்கம் எத்தனை சத்தம் விட்டாரோ அத்தனைக்கும் விரலைத் தூக்கினேன். ஒன்றுகூட எனக்குக் கேட்கவில்லை.

எதிர்த் தறிக்காரர் முறை வந்தபோது மச்சானுக்குத் தொடையில் கொசு கடித்திருக்கிறது. சொறிந்தார். இவர் விரலைத் தூக்கிவிட்டார். மிஷின்காரர் நிமிர்ந்து, நான் இன்னும் சத்தமே விடலியே என்றிருக்கிறார். எனக்கு வர்றதுக்கு முன்னாடியே கேட்டுருச்சுங்க சார் என்று இவர் சொல்லியிருக்கிறார். மிஷின்காரர் சிரித்துவிட்டு மறுபடி திருகினாராம். இத்தனை வருசம் தறி ஓட்டியும் இப்படி ஒரு காதா என்று எங்கள் எல்லாரையும் மெச்சினார். காவிரித் தண்ணியா என்று கேட்டார்.

கடைசியாக மச்சான் உட்கார்ந்தார். வாசலில் அவருக்கு விரல் தட்ட யாரும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே வந்து, எனக்குப் போச்சு என்று கையைக் காட்டினார். கூடத்தில் அவர் காது ஒன்றுதான் கெட்டது என்று மறுநாள் தெரிந்தது. மற்ற எல்லாருக்கும் நல்ல காது.

நாங்கள் இடிந்துபோனோம். அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டு அவர் விழுந்துவிட்டார் என்று பேசிக்கொண்டோம். என் சம்சாரம் இரண்டு வேளை சாப்பிடவில்லை. அண்ணனுக்கு வளர்ந்த பையன் இருக்கிறான், படிப்பு இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வார் என்று அழுதாள். டீக்கடையில் கூடினோம். மேஸ்திரியை அனுப்பினால் தறி ஓடாது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்வது என்று முடிவு. யார் பேசுவது என்று வந்தபோது, மாப்பிள்ளை நீதான் பேச வேண்டும் என்று என்னை முன்னால் தள்ளினார்கள். நான் பேசிப் பழக்கம் இல்லாதவன். போனேன்.

மேனேஜர் மேசைக்குப் பின்னால் இருந்தார். நாங்கள் சொன்னது முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை தப்பவில்லை.

"ஊட்டுக்கு யாரய்யா அனுப்பறா? காது கெட்டவங்களப் போல்டிங்குக்கு மாத்தறதுக்குத்தான் டெஸ்ட்டே வெச்சது. அங்க இடம் ஒண்ணு காலியா இருக்குது, இன்னும் வேணும்னா பாத்துப் போடலாம்னு உங்க மேஸ்திரிகிட்டச் சொல்லித்தான் அனுப்புனேன். சொல்லலியா?"

மேனேஜர் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்க கூடத்துல கெட்டது அவருக்கு மட்டுந்தான். நல்லதுதானே. போயி வேலையப் பாருங்க."

வெளியே வந்தோம். எதிர்த் தறிக்காரருக்கு எப்போதும் வாயில் ஒரு கேலி இருக்கும். அன்றைக்கு இல்லை. என் தோளில் கையை வைத்தார், எடுத்தார், தறிக்குப் போய்விட்டார். என்னிடம் என்ன சொல்ல முடியும். என் மச்சான்.

நான் குடோனைத் தாண்டிப் போல்டிங்குக்குப் போனேன். மச்சான் அதற்குள் அங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். துணி அளக்கும் மேசைக்கு அந்தப் பக்கம். சுற்றிலும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் இருந்திருக்கும். மற்றவர்கள் காதில் விழாமல் இருக்க அவர் குரலே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார்.

இடம் ஒண்ணுதான் மாப்ள இருந்துச்சு.

பிறகு விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினார். அவர் காதும் போனதுதான், அது பொய் இல்லை. என்னைவிட அதிக வருசம் அந்தச் சத்தத்தில் நின்றவர். கேட்டிருந்தால் நானே, மச்சான் நீங்க முதல்ல போங்க என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அடுத்த வாரம் கூலி போனால் போகிறது என்று சேலம் போனேன். சம்சாரமும் வந்தாள். சூரமங்கலத்தில் இறங்கி டவுன் பஸ் மாறினோம். பெரிய ஆஸ்பத்திரியில் அந்த அறை இருந்தது. கதவு கனம். உள்ளே போனதும் என் காதில் இருக்கிற சில்வண்டு பெரிதாகக் கேட்டது. சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா குனிந்திருந்தார். நாற்காலி ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது. முன்னால் வெறும் சுவர். என் கண்ணுக்கு வேலையே இல்லை. வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், விரல் எழவில்லை. அப்புறம் வலது காதில் தூரத்தில் மணி மாதிரி ஒன்று வந்தது. தூக்கினேன்.

அந்த அம்மா வெளியே வந்து என் சம்சாரத்திடம்தான் சொன்னார். இடது முழுக்கப் போய்விட்டது. வலதில் பாதி இருக்கிறது. இதற்கு மேல் தறிக்கூடம் கூடாது. சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதை மேனேஜரிடம் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. நம் மில்லில் பார்த்தபோது நல்ல காது, சேலத்தில் பார்த்தால் செவிட்டுக் காதா என்றார். எது நிஜம் என்று தெரிய ஆளை அனுப்பி மச்சானைக் கூப்பிட்டார். இத்தனை வருசம் இவரை வேலை வாங்கியவர் நீர்தானே, சொல்லும் என்றார்.

நான் மச்சானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால் எனக்குப் போல்டிங். ஆனால் உள்ளதைச் சொன்னால் வாசலில் நின்று விரல் தட்டியதும் வெளியே வரும். நானாக அதைச் சொன்னால் விரல் தூக்கிய அத்தனை பேரும் மாட்டுவார்கள். அவர் முகத்தைத் திருப்பியிருக்கலாம், திருப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. திருப்பவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு நல்லாக் கேக்குமுங்க. வேலைல ஒரு கொறையுமில்லீங்க."

மேனேஜர் சீட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் மறுநாளும் தறிக்குப் போனேன். அந்த மாசம் முழுக்கப் போனேன். காதில் கழிவுப் பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டு நின்றேன். புது மேஸ்திரி கை காட்டினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் செய்தேன். துணி வீணானது, திட்டினார். மாசம் முடிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். இருக்கிற பாதிக் காதை அந்தக் கூரைக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

ஜேடர்பாளையத்தில் ஒரு கவுண்டர் தோட்டத்தில் கரும்புக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை கிடைத்தது. குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டோம். மில்லில் வாங்கியதில் பாதிகூட வராது. மகனைப் பள்ளிக்கூடத்தில் இருந்து நிறுத்தி லாரிப் பட்டறைக்கு அனுப்ப வேண்டி வந்தது. அதற்கு அவன் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது எனக்குத் தெரியும். சம்சாரம் அண்ணன் வீட்டுப் பேச்சையே எடுப்பதில்லை. பொங்கலுக்கு அங்கிருந்து சீர் வந்தது, வாங்கி வைத்தாள், அந்தப் புடவையை உடுத்தவில்லை.

வலது காது இருந்தபடியே நின்றுவிட்டது. டாக்டர் சொன்னது மாதிரி அதற்கு மேல் போகவில்லை. மகள் வரப்பில் நின்று சோத்துக்கு வாங்கப்பா என்று கூப்பிட்டால் காற்று எதிரில் இல்லாத நாளில் கேட்கும்.

சில வருசம் கழித்து, மச்சான் பையனுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தங்கச்சி புருசனை நேரில் வந்து அழைக்காமல் எங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. வந்தார். வெத்தலை பாக்குத் தட்டோடு வாய்க்கால் அந்தப் பக்கம் நின்றார். தலை நரைத்திருந்தது. நான் மடை திருப்பிக்கொண்டிருந்தேன். தட்டை இடுப்பில் அணைத்துக்கொண்டு, ஒரு கையால் வா என்று காட்டினார். பிறகு விரலால் தாலி கட்டுகிற மாதிரி காட்டினார்.

நான் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"வாயால சொல்லுங்க மச்சான்" என்றேன். "எனக்குக் கேக்கும்."

அவர் கையைக் கீழே போட்டார். வாய்க்காலைத் தாண்டி வந்தார். என்ன நாள், என்ன முகூர்த்தம், எந்த மண்டபம் என்று சொன்னார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் முதல் நாளே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். பொண்ணு வீடு திருச்செங்கோடு என்றார். அவருக்குக் காது மந்தம், அதனால் குரல் உயர்த்திப் பேசினார். எல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தட்டை நீட்டினார், ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர் உடனே போகவில்லை. தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். ஒரு பாத்தி நிறைந்து அடுத்ததற்குப் போனது. அதுவரை நின்றார். பிறகு, வாரேன் மாப்ள என்றார். வாய்க்காலைத் தாண்டி வண்டிப் பாதையில் நடந்தார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கும்.